தெக்க தள்ளி இரு

உடன்குடி பஜாரில் தையல்கடை வைத்திருக்கும் சீனித்தாய் அக்காவுக்கு இடது, வலது என்ற சொற்கள் வாயில் வராது. எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். பந்தியில் இலை போடுகிறவன்கூட “அண்ணாச்சி, கொஞ்சம் மேக்க நவுருங்க” என்பான். அக்கா அதற்கும் ஒரு படி மேலே. “கிழக்குக் கை கொஞ்சம் இறுக்கமா இருக்கோ?” என்று ஜாக்கெட் தைக்க வந்தவளிடம் கேட்பாள்.

“நான் திரும்பி நின்னா அது மேக்குக் கைதானக்கா?” என்பார்கள்.

“அப்ப திரும்பாம நில்லு, மூதேவி.”

அவள் தம்பி தளவாயை, கோயில் கொடைத் திருவிழாவில் மேளக்காரர்களை எந்தத் தெருவில் முதலில் நிறுத்துவது என்ற சண்டையில், பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவன் வேல்ராஜ், பிடித்துக்கொண்டவன் ராமர். தெருவே பார்த்தது. பார்த்தேன் என்று சொன்னது அக்கா மட்டும்.

இருவரும் ஜாமீனில் வந்தார்கள். சாட்சி சொல்லும் நாள் நெருங்கியபோது, போகவேண்டாம் என்று போனில் கெஞ்சிய ஊர்க்காரர்களில், தோஹாவில் வேலையிலிருந்த நானும் ஒருவன்.

“வெட்டு வாங்கப்போறவ நான். நீ ஏம்லே அங்கன இருந்து நடுங்குத?” என்றாள்.

ஆனி மாதம். கோர்ட்டுக்குப் போக பஸ் ஏற வந்தவளை காருக்குள் இழுத்துப் போட்டார்கள். கண்ணைக் கட்டி, கைகளை முன்னால் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டினார்கள். வேல்ராஜ் ஓட்டினான். ராமர் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து விலாவில் முழங்கையால் குத்தினான்.

“ஏளா, மேக்க தள்ளி இரு!”

அவள் இடப்பக்கக் கதவோடு ஒட்டினாள். இடப்பக்கம் மேற்கு என்றால் வண்டி வடக்கே போகிறது. கொஞ்ச தூரத்தில் கார் திரும்பிக் குலுங்கியது. அவள் அவன்மேல் சரிந்தாள். கன்னத்தில் அறை விழுந்தது.

“தெக்க தள்ளி இருன்னு சொல்லுதேம்லா!”

அதே ஆள், அதே வலப்பக்கம். திசை மட்டும் மாறிவிட்டது. வண்டி இப்போது மேற்கே, செம்மணல் தேரிக்காட்டுக்குள் போகிறது. ரோடும் ஊரும் தனக்கு நேர் பின்னால், கிழக்கே என்று அவள் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

செம்மண்ணில் தள்ளி மண்டியிட வைத்தார்கள்.

“இன்னைக்கு நீ கோர்ட்டுக்குப் போகல. அடுத்த வாய்தால, ஒண்ணும் பாக்கலன்னு சொல்லணும்,” என்றான் வேல்ராஜ்.

“பாத்தேன். கழுத்துல விழுந்தது ஒன் வெட்டு.”

அரிவாள் காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டுக் கட்டிய கைகளைத் தூக்கினாள். கயிறும் வலதுகைச் சுட்டுவிரலும் ஒரே வெட்டில் போயின. கண்கட்டைப் பிய்த்து எறிந்து, அள்ளிய மணலை வேல்ராஜ் கண்ணில் அடித்தாள். பிடிக்க வந்த ராமரின் காதைக் கடித்தாள். துண்டு வாயோடு வந்தது. துப்பிவிட்டு ஓடினாள்.

உச்சி வெயில். நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிச் சிவப்பு மேடு, ஒரே மாதிரிப் பனை. ஆனால் ஆனிக்காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். அதை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே ஓடினாள். கால்தடத்தைக் காற்று மூடியது. ரத்தம் சொட்டினாலும் அந்த மண்ணில் தெரியாது.

அதே காற்று பின்னாலிருந்து வேல்ராஜின் குரலையும் கொண்டுவந்தது. “ஏலே, ரோட்டுக்குத்தான் போவா! வண்டிய எடுத்துட்டுப் போய்க் கிழக்க மறிலே!”

ஒரு புதருக்குள் படுத்து, இருவரும் போகும்வரை மூச்சை அடக்கினாள். பிறகு எழுந்து காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள். இனி மேற்கேதான். மணல் கண்ணிலும் வெட்டுக்காயத்திலும் ஊசியாக இறங்கியது. மேட்டில் கால் புதைந்து விழும்போதெல்லாம், எழுந்ததும் முகத்தில் காற்று அறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். காட்டின் மேற்கு ஓரத்தில், சாத்தான்குளம் பக்கம் ரோட்டில் விழுந்து கிடந்தவளை, ஸ்கூட்டரில் வந்த ஜெபசுதா டீச்சர் தன் துப்பட்டாவால் கையைச் சுற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

தை மாதம் சாட்சிக் கூண்டேறினாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

“கண்ணைக் கட்டியிருந்தாங்க. ஆனா கார் மேற்கே போனது தெரியும். எப்படிம்மா?”

“ராமர்தான் சொன்னான்யா.”

“பொய்!” ராமர் கத்தினான். “தெக்க தள்ளி இருன்னுதான் சொன்னேன்! மேக்க போறோம்னு நான் சொல்லவேயில்ல!”

வேல்ராஜ் திரும்பி அவன் வாயில் குத்தினான். பல் உடைந்து தரையில் தெறித்தது. போலீஸ்காரர்கள் பாய்ந்து இருவரையும் இழுத்து நிறுத்தினார்கள்.

“தளவாயை வெட்டினது யாரு? காட்டும்மா,” என்றார் நீதிபதி.

அக்கா வலது கையை உயர்த்தினாள். காட்ட விரல் இல்லை.

“வடக்க நிக்கவன்யா.”

ராமர் வாயைப் பொத்திக்கொண்டு ஓரடி தெற்கே தள்ளி நின்றான்.