வலிக்கிறது என்று சொல்லாதவர்

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுபவர். நாள் முழுக்கக் குந்தியபடியே தரையோடு தரையாக நகர்ந்து செய்கிற வேலை அது. காலாப்பட்டில் ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு வண்டியில் திரும்பும்போது, பின்னால் வந்த கார் அவரை இடித்துத் தள்ளியது. வலது முழங்கால் நொறுங்கிப் போனது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். நடப்பார், காலை மடக்கினால்தான் உயிர் போகும். தொழில் அதோடு போயிற்று. நான் துணிக்கடையில் வேலை பார்த்துக் கொண்டுவருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. காருக்கு இன்சூரன்ஸ் இருந்ததால், வருகிற நஷ்டஈட்டை வைத்து ஏதாவது சின்னக் கடை போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் எங்களுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை.

எவ்வளவு ஊனம் என்று மெடிக்கல் போர்டு எழுதித் தர வேண்டும், அதை வைத்துத்தான் தொகை என்றார் எங்கள் வக்கீல். "நடிக்கவெல்லாம் வேணாம்மா. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க, அது போதும்."

போர்டுக்குப் போகிற நாள் காலை இவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். பொண்ணு பார்க்கவா போகிறோம் என்று கேலி செய்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழுக்காகப் போகக் கூடாதாம்.

டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார். "வலி இருக்குதா?"

"பரவால்ல சார்."

"உக்காந்து எந்திரிங்க, பாப்போம்."

உட்கார்ந்தார். வீட்டில் ஒருநாளும் தனியாகச் செய்யாததைப் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே செய்தார். மேசையைப் பிடித்து எழுந்தபோது கழுத்தெல்லாம் வியர்வை. டாக்டர் "நல்லா பண்றீங்களே" என்றார். இவர் சிரித்தார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"பெரிய மனுசன் உக்கார சொல்றாரு. முடியாதுன்னா சொல்ல முடியும்?"

வேலையில் கட்டர் விரலைக் கிழித்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த கல்லை எடுக்கிற ஆள். அடுத்தவரிடம் வலியைச் சொல்வது அவருக்குக் கையேந்துகிற மாதிரி. சர்டிபிகேட் வந்தது. அதில் எழுதியிருந்த ஊனம் வக்கீல் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

சமரசம் பேச வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். நீதிபதி, இன்சூரன்ஸ் அதிகாரி, எங்கள் வக்கீல் எல்லாரும் ஒரே மேசையில். பின்னால் வழக்குக்காக வந்த கூட்டம். அதிகாரி சர்டிபிகேட்டைக் காட்டினார். குந்தி எழுகிறவர் வேலைக்குப் போகலாமே என்று ஒரு தொகை சொன்னார். அதை வைத்து ஒரு பெட்டிக்கடைகூடப் போட முடியாது. வக்கீல் என்னைப் பார்த்து, வாங்கிக்கொள்வதுதான் நல்லது என்பதுபோல் தலையசைத்தார்.

நீதிபதி இவரிடம் கேட்டார். "கால் இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்லங்க ஐயா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஐயா, அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். எங்களுது வாடகை வீடு. கீழ உக்கார்ற கக்கூஸ், சேர் போடக்கூட எடமில்ல. தெனம் காலைல நான்தான் இடுப்புல கை குடுத்து உக்கார வைக்கிறேன். நான்தான் கழுவி வுட்டுத் தூக்கி நிறுத்துறேன். இவரு எங்கங்க போயி டைல்ஸ் ஒட்டுவாரு?"

பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் இவரை எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி அவரிடம் திரும்பி, தொகையை ஏற்றிச் சொல்லுங்கள் என்றார். கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது. கடைசியில் வக்கீலே நியாயம் என்று சொன்ன தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீடு வரும்வரை ஆட்டோவில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அவரை அம்மணமாக நிறுத்தினேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவர் கக்கூஸுக்குப் போனபோது வழக்கம்போல் பின்னாலேயே போனேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சுவரில் கை தேய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் "அம்மா" என்று ஒரு அலறல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வலியில் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கதவைத் தட்டினேன், கெஞ்சினேன். அவர் திறக்கவில்லை.