மத்தியானம் மூடிய கடை

எங்கள் கடையின் மேசைமேல் கண்ணாடி மூடி போட்ட பிஸ்கட் டின்கள் வரிசையாக நிற்கும். அந்த டின்களுக்குப் பக்கத்தில், ஒரு தலையணையின் மேல், இரண்டு வயதுகூட நிறையாத என் தம்பி உட்கார்ந்திருப்பான். கண்டி மஹய்யாவயில் அந்தக் காலத்தில் எங்கள் கடையைத் தெரியாதவர்கள் இல்லை, அவனைத் தெரியாதவர்களும் இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வாய் சோறு இறங்காது. மளிகைக் கடை முதலாளியின் மகன் எலும்பும் தோலுமாக இருந்தான்.

எல்லாம் ஊர்ப் பாசத்தால் வந்த வினை. சாமான் வாங்க வருகிறவர்கள் தங்கள் சாமானோடு ஒரு பிஸ்கட்டும் வாங்கி, "இந்தா சின்ன முதலாளி" என்று அவன் கையில் திணித்துவிட்டுத்தான் படியிறங்குவார்கள். விடியற்காலையில் நகரசபை வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் கடை வாசலில் பிளேன்டீ குடிப்பார்கள். அவர்களில் யாராவது ஒருவர் தன் கோப்பையில் பிஸ்கட்டை நனைத்து அவன் வாயில் வைப்பார். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். கொடுக்கிற கையைத் தட்டிவிட்டால் அந்த ஆள் மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் ஒரு பக்கம். தன் மகனை ஊரே கொஞ்சுகிறதே என்ற பூரிப்பு இன்னொரு பக்கம். பூரிப்புதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டு வந்தால் அவன் உதட்டை இறுக்கிக்கொள்வான். அம்மா அவனை இடுப்பில் தூக்கி ரோட்டோரம் போவார். "பஸ் வருது பாரு, ஆ காட்டு... காக்கா பாரு, ஆ காட்டு." வாய் பிளந்த நேரத்தில் ஒரு உருண்டை உள்ளே போகும், அடுத்த நிமிஷம் அம்மாவின் தோளில் துப்பப்பட்டிருக்கும். பிறகு பூச்சாண்டி வருவான், அழுகை வரும், வாந்தியும் வரும். கடைசியில், "வெறும் வயித்தோட கெடக்கானே பிள்ளை" என்று அம்மாவே சீனி போட்ட பாலைப் போத்தலில் கொடுத்துவிடுவார். ராத்திரியும் இதே கூத்துதான்.

பேச்சில் எங்கள் அப்பாவை வெல்ல ஆள் கிடையாது. கருவாடு வாங்க வந்தவரிடம் குடையையும் விற்று அனுப்பிவைக்கிற வாய் அது. அந்த வாயால், "ராசா, இது சம்பா அரிசி ராசா, பூ மாதிரி இருக்கும்" என்று மகனிடம் கெஞ்சிப் பார்த்தார். அதட்டியும் பார்த்தார். ஊருக்கே விற்கத் தெரிந்த மனிதரால் பெற்ற பிள்ளைக்கு ஒரு கவளத்தை விற்க முடியவில்லை.

அவனைக் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்த மிட்வைஃப் மிஸ்ஸி, சிங்களப் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் அவனுடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே. அடுத்த கிளினிக்குக்கும் இப்படியே வந்தா ஆஸ்பத்திரி வாட்டுக்குத்தான் எழுதணும்" என்றார். வாட்டு என்றதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. எனக்குப் பின்னால், தம்பிக்கு முன்னால், ஒரு தங்கச்சி பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவும் அம்மாவும் வெறுங்கையோடு திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மிஸ்ஸி திட்டவில்லை. "நாள் பூரா வாயில ஏதாவது இருந்தா பசி எங்கேருந்து வரும்? பிஸ்கட்டையும் டீயையும் நிப்பாட்டுங்க. நேரத்துக்குச் சாப்பாடு வைங்க, நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்க. கெஞ்சவும் வேணாம், மிரட்டவும் வேணாம். தின்னா தின்னட்டும். இல்லாட்டி தட்ட எடுத்துருங்க, அடுத்த வேளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். கிளினிக்கிலிருந்து திரும்பிய அப்பா வாசலுக்கு வந்ததும், "நம்ம வீட்டுல யாரு கூட உக்காந்து சாப்பிடுறோம்?" என்று அம்மாவிடம் கேட்டார். உண்மைதான். அப்பா கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வார், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடுவேன், அம்மா எல்லாம் முடிந்தபிறகு அடுப்படியில் சாப்பிடுவார். அந்தப் பிள்ளை ஒரு மனிதர் உட்கார்ந்து நிதானமாகச் சோறு தின்பதைப் பார்த்ததே கிடையாது.

மறுநாளே தலையணை மேசையிலிருந்து இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க, பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காதீங்க" என்று வந்தவர் ஒவ்வொருவரிடமும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அடேயப்பா, துரை வீட்டுப் பிள்ளையாக்கும்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய கூத்து மத்தியானம் நடந்தது. வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் அப்பா கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். பக்கத்து வீட்டுக்காரர் பதறியடித்து ஓடிவந்து, "யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "சாப்பிடப் போறோம்" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பள்ளிக்கூட விடுமுறை. பாய் விரித்து நால்வரும் உட்கார்ந்தோம். தம்பிக்கும் தனியாக ஒரு சின்னத் தட்டு. அதில் கொஞ்சம் பருப்புச் சோறு, ஒரு துளி முருங்கைக்கீரை, முள் நீக்கிய நெத்தலிக் கருவாடு. முதல் நாள் அவன் தொடவே இல்லை. அம்மாவின் கை தானாக உருண்டை பிடிக்கப் போக, அப்பா கண்ணாலேயே தடுத்தார். பேசாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டுமே, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது! தட்டு உள்ளே போனது. பிஸ்கட்டுக்கு அழுதான், கிடைக்கவில்லை. அம்மாவும் சேர்ந்து அழுதார். இரண்டொரு நாளில் சோற்றில் கை வைத்தான். தின்றதைவிடச் சிந்தியது அதிகம். கீரையைத் தூக்கி எறிந்தான். மறுநாளும் அதே கீரை, அதே ஒரு துளி, யாரும் ஒன்றும் சொல்லாமல் தட்டில் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கடுகண்ணாவையிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரர், ரோட்டு வேலைகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர், மகள் கல்யாணத்துக்கு மொத்தச் சாமானும் எங்களிடமே எடுப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எங்களைப் போன்ற கடைக்கு அது வாராது வந்த வியாபாரம். காலையில் வரவேண்டிய மனிதர் மத்தியானம் வந்தார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வெளியே லொறி உறுமியது. "முதலாளி! முதலாளி!" என்று பலகை அதிரத் தட்டினார். அப்பா பாதி எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பி எட்டி, அப்பாவின் தட்டிலிருந்த பாகற்காய்ப் பொரியலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். முகம் கோணியது. துப்பப்போகிறான் என்று நினைத்தேன். மென்றான், விழுங்கினான், மறுபடியும் கையை நீட்டினான்.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் கைக்கு எட்டும்படி தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுத் தன் பாட்டில் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, சோற்றுக் கையால் துடைக்க முடியவில்லை. வெளியே தட்டுகிற சத்தம் நின்று, லொறி கிளம்பிப் போனது.

அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி வாட்டுக்கு எழுதவில்லை. இன்றைக்குக் கண்டியில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனால், பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு, அது வாய் பிளக்கிற நேரம் பார்த்து ஊட்டுகிறார்கள். அம்மா அன்றைக்குக் காட்டிய பஸ்ஸும் காக்காவும்தான் இப்போது கைக்குள் வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். என் அப்பா படித்தவர் இல்லை, பொறுமைசாலியும் இல்லை. ஆனால் வாயை வைத்துப் பிழைத்த மனிதர் பிள்ளைக்காக அந்த வாயை மூடிக்கொண்டாரே, அதை யாரிடம் சொன்னாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

லொறி திரும்பிப் போன அன்று சாயங்காலமே கொந்தராத்துக்காரர் மறுபடியும் வந்தார். கல்யாணச் சாமானை வேறு கடையில் ஏற்றியாகிவிட்டது. இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார். கடை நிறைய ஆட்கள். "உள்ளுக்கு ஆள் இருந்துக்கிட்டே தொறக்காம இருந்தீங்களே, இதுதான் யாவாரம் பண்ற லெச்சணமா?" என்று சத்தம் போட்டார். அப்பா குழைந்து பேசிச் சமாளிப்பார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, என் மகன் தன் கையால எடுத்துப் பாவக்கா தின்னுக்கிட்டு இருந்தான்" என்றார் அப்பா. "அந்த நேரம் அரசாங்கமே வந்து தட்டியிருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்."

கொந்தராத்துக்காரரின் சத்தம் இறங்கியது.

"பாவக்காயா?" என்றார்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.