சம்பல் தூளில் மாசிக் கருவாடு இருக்கிறதா?

சபரிமலைக்கு மாலை போட்டு இன்றோடு பதினோரு நாள். மீன் வாடை பட்ட காற்றைக்கூட நான் மூச்சில் ஏற்றவில்லை என்று ஹட்டன் மலைகளே சாட்சி சொல்லும்.

இன்று காலை வீட்டில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பல் தூள் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வழக்கமான பாக்கெட்டையே எடுத்தேன். முதல்முறையாகப் பின்பக்கத்தையும் படித்தேன். எறும்பே கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் மிளகாய், உப்பு, வெங்காயம், கடைசியாக ‘இயற்கைச் சுவையூட்டி’.

அது யார்?

“மொதலாளி, இதுல மாசி கீசி இருக்கா?”

“சுத்த சைவம் சாமி. தைரியமா கொண்டு போங்க.”

“இந்தச் சுவையூட்டி முந்தி எந்தக் கடல்ல நீந்திக்கிட்டிருந்துச்சு?”

“நா விக்கிறவன் சாமி. அரைக்கிறவன் இல்ல.”

காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே பாக்கெட்டைப் பிரித்தேன். அரிசி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த கடைப் பூனை எழுந்து வந்து, மிளகாய்த் தூள் என்றும் பாராமல் என் கையை நக்கப் பார்த்தது.

முதலாளி கூரையைப் பார்த்தார். “அது பசியில வந்திருக்கும் சாமி.”

இருக்கலாம். ஆனால் பதினோரு நாளாக, நான் ரொட்டியும் சம்பலுமாக உட்காரும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பூனையும் தட்டுக்கு எதிரே பணிவாக வந்து உட்காருகிறது. அதற்கும் பக்தி வந்துவிட்டது என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

குருசாமியிடம் சொன்னால் விரதத்தை முதல் நாளிலிருந்து தொடங்கச் சொல்வார்.

மாலை போட்டிருக்கும் சாமிமாரே, சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டுப் பூனை எங்கே உட்காருகிறது? குருசாமியிடம் தனியாகப் போய்ச் சொல்லப் பயமாக இருக்கிறது.