அண்ணனுக்கு யார் பங்காளி?

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

அண்ணன் பிறந்ததும் வளர்ந்ததும் மண்ணூர்பேட்டையில்தான். பட்டாளத்தில் இருந்த அப்பா, மணிப்பூரில் அம்மாவைக் கைப்பிடித்து இங்கே அழைத்து வந்தார். எனக்கு அப்பாவின் முகம், தப்பித்தேன். அண்ணனுக்கு அம்மாவின் முகம். தெருவே அவரை 'சைனா' என்று கூப்பிட்டது. "இன்னா மாமே, நானும் இந்த ஊருதான்டா" என்று சிரித்துக்கொண்டே போவார்.

அப்பா காலமான பின் அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசை. அப்பா வீட்டார் தம்மைப் பங்காளி என்று சொல்ல வேண்டும். குலதெய்வம் கோயிலுக்கு விறகும் தண்ணீரும் சுமப்பார். படையல் நேரத்தில் வெளியே நிற்கச் சொல்வார்கள், நிற்பார். ஆண் பிள்ளை இல்லாத பெரியப்பா இறந்தபோது, சித்தப்பா மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மொட்டை வேண்டாமாம். சித்தப்பா அண்ணனைத் தேடி வந்தார்.

"நீ இன்னா வேத்தாளா? நம்ம ரத்தம்டா. வந்து கொள்ளி வை."

மொட்டைத் தலையைத் தடவியபடி அண்ணன் என்னிடம், "பாத்தியா பாப்பா, நானும் பங்காளி ஆய்ட்டேன்" என்றார். துக்க வீட்டில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு அந்தச் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அண்ணன் பெயர் இல்லை. ஆனால் ஓடியாடி வேலை செய்தது அவர்தான். முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்பு, கரையான்சாவடியில் மாலைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது லாரி மோதி அங்கேயே போய்விட்டார்.

பங்காளி செத்தால் தீட்டு. தீட்டு வந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். சித்தப்பா அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வாசலில் நின்றே ஊர் கேட்கச் சொன்னார்.

"அவங்கம்மா வேற ஜாதி, வேற ஊரு. இவன் எங்க பங்காளி இல்ல. எங்களுக்குத் தீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது."

கல்யாணம் நடந்தது. அண்ணன் சொல்லிவைத்த மாலைதான் மாப்பிள்ளை கழுத்தில் ஏறியதாம். நல்ல மாலை என்று எல்லோரும் பாராட்டினார்களாம்.

அண்ணனுக்குக் கொள்ளி வைத்தவர் எங்கள் அம்மா. தோள் கொடுத்து, மொட்டையும் அடித்துக்கொண்ட, தொழிற்பேட்டை எஸ்டேட்டில் அண்ணனோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும், அம்மாவுக்குச் சோறு ஊட்டிய எதிர்வீட்டு அக்காவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

சென்ற வாரம் சித்தப்பா போன் செய்தார். "மலர் போடுறியாமே பாப்பா, எங்க பேரையும் போட்டுடு. நாலு பேர் பாத்தா இன்னா நெனப்பாங்க?"

துயருறும் குடும்பத்தாரின் பெயர்கள் பின் அட்டையில் இருக்கின்றன. சித்தப்பா, உங்கள் பெயரைத் தேட வேண்டாம். தீட்டுக் காத்தவர்களின் பெயரை மட்டுமே போட்டிருக்கிறோம்.