வறுத்த விதைநெல்

குடவாசல் பக்கம் ஒரு விவசாயி இருக்கிறார். என் அப்பா கேட்டார் என்பதற்காக, தன் வயலில் விளைந்த பழைய ரக நெல்லில் மூன்று கிலோவைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார். விதைக்கு. அந்த நல்ல மனிதரின் பெயரை நான் வாணலியில் போட்டு வறுத்துவிட்டேன்.

எனக்கு மாதாமாதம் அந்த மூன்று நாளில் முதல் நாள் வயிற்றை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிவார்கள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை, சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு, சூடு வை என்றார். எங்கள் வீட்டில் ஒரு வெந்நீர்ப் பை உண்டு. அது அப்பாவின் முழங்காலுக்குச் சொந்தம். முழங்கால் வலி மரியாதையான வலி. வலங்கைமான் கடைத்தெருவில் நின்றுகூட அதை விசாரிக்கலாம். என் வலிக்குப் பெயரே கிடையாது. 'உடம்பு சரியில்ல' என்று பொதுவாகச் சொல்வோம். எந்த உடம்பு, என்ன சரியில்லை என்று யாரும் கேட்கக் கூடாது.

இதே வீட்டில் பசுவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் இல்லை. அது பருவத்துக்கு வந்தால் அப்பா வாசலில் நின்று மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுத் தெருவுக்கே அறிவிப்பார். இருபத்தொரு நாள் கணக்கு, காலண்டரில் சிவப்பு மையில் வட்டம்.

அன்று வெந்நீர்ப் பை முழங்காலில் இருந்தது. நான் பார்த்த வீடியோவில் ஒரு பெண் அரிசியைச் சூடாக்கி சாக்ஸில் போட்டு வயிற்றில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிக்க ஆசை.

"சோத்து அரிசிய சாக்ஸ்ல போடுவியா? லட்சுமிடி அது" என்றாள் அம்மா.

"புது சாக்ஸும்மா. கால்லயே போடல."

"போடறது கால்லதான?"

"சரி, உப்பு தா."

"உப்பும் லட்சுமிதான்."

சமையலறை முழுக்க லட்சுமி. கூடத்து மூலையில் ஒரு துணிப்பை சாய்ந்திருந்தது. உள்ளே நெல். நெல் இன்னும் அரிசியாகவில்லை, ஆகவே இன்னும் லட்சுமியாகவில்லை என்று என் மூளை மின்னல் வேகத்தில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ அளவுக்கு அள்ளி வறுத்தேன். நாலைந்து நெல்மணி படபடவென்று பொரிந்தன. அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் சாக்ஸில் கொட்டி முடிச்சுப் போட்டு அடிவயிற்றில் வைத்தேன். பிழிந்துகொண்டிருந்த கை மெல்ல விட்டது.

அடுத்த தெருவிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் தங்கை, என் கோலத்தைப் பார்த்தார்.

"வெந்தயத்த மோர்ல போட்டு முழுங்குடி. இல்லன்னா ஓமத்தண்ணி. எல்லாத்துக்கும் மேல, ஒரு கல்யாணம் ஆனா தன்னால போயிடும்."

"உங்களுக்குப் போயிடுச்சா அத்தை?"

"ம்... போச்சு போச்சு."

"போன மாசம் எங்க வீட்டு வெந்தய டப்பாவ காலி பண்ணது யாரு?"

"வாய் மட்டும் வலிக்காது இவளுக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை கொல்லைப்புறம் போய்விட்டார்.

வலி தணிந்ததும், ஒரு மணி சிந்தாமல் நெல்லைப் பையிலேயே கொட்டிக் கட்டி வைத்தேன். நல்ல வளர்ப்பு.

ஐந்தாம் நாள் அப்பா அதே பையை அவிழ்த்து அண்டாத் தண்ணீரில் கொட்டினார். அது விதைநெல் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தாவரவியலில் முதுகலை. வறுத்த விதை முளைக்காது என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள்.

"என்னது, பொரி மிதக்குது?" அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இந்த வருச வெயில்ல வயல்லயே பொரிஞ்சிருக்கும் போல."

மறுநாள் அவர் விதையை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் மூடி, கல்லை ஏற்றினார். உள்ளே கதகதப்பு இருந்தால்தான் முளை வருமாம். அடிக்கடி கையை விட்டுச் சூடு பார்த்தார். விதைக்கு ஒத்தடம் கொடுக்கத் தெரிந்த வீடு இது. நான் மட்டும், படித்த பாடம் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பாடம் பொய்யாகவில்லை. சாக்கைப் பிரித்தபோது மூன்றில் ஒரு பங்கு மொட்டையாகக் கிடந்தது. அப்பா உடனே குடவாசல்காரருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"என்னங்க, பழைய விதைய என் தலையில கட்டிட்டீங்களே?"

"அய்யய்யோ, முளை பாத்துட்டுத்தானங்க குடுத்தேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லலீங்க. இன்னும் நாலு பேருக்குக் குடுத்திருக்கேன். அங்கயும் இப்படி ஆயிருந்தா..." அவர் குரல் இறங்கிப் போனது. "இனிமே வெளிய விதை குடுக்கறதே வேணாங்க."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அப்பா, அவரு குடுத்தது நல்ல விதைதான். நான்தான் அதுல கொஞ்சத்த எடுத்து வறுத்தேன்."

"வறுத்தியா? எதுக்கு? பொரி திங்கணும்னா கடையில இல்லையா?"

சமையலறை வாசலிலிருந்து அம்மா கண்ணாலேயே வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தலைசுற்றல் என்று வரிசையாக எடுத்துக் கொடுத்தாள்.

"பீரியட்ஸ் வலிப்பா. ஒத்தடம் குடுக்க."

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். போன்தான் முதலில் பேசியது.

"வலி விட்டுச்சாம்மா?"

"விட்டுச்சுங்க. மன்னிச்சுக்கங்க, உங்க மேல பழி வந்துடுச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. என் விதை நல்லாத்தான் இருக்குன்னு சொன்ன பாரு, அது போதும். எங்க வீட்ல தவிட்ட வறுத்துத் துணியில கட்டுவாங்கம்மா. சூடு நிக்கும். விதைய ஏம்மா வறுக்கற?" சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. "இன்னும் ஒரு கிலோ அனுப்புறேங்க, தெளிச்சுக்கலாம்."

"சரிங்க" என்றார் அப்பா, கூரையிடம். போனை வைத்துவிட்டுப் பசுவைப் பார்க்கப் போனார். பசுவுக்கு அன்று ஒன்றுமில்லை.

புது விதை வந்த அன்று, அந்தப் பையில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு தொங்கியது: 'விதை. வறுக்கக் கூடாது.' அடுப்பு மேடையில் ஒரு சின்ன டப்பா. திறந்தால் தவிடு. மாட்டுக்கு வாங்கிய மூட்டையிலிருந்து எனக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்.

பசுவுக்கு அடுத்த இடம். எங்கள் வீட்டில் இது பெரிய முன்னேற்றம்.