பாண்டீஸ்வரன் பேபி கேரியர் வாங்கியது

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் போய், உடையக்கூடிய சாமானை வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் பாண்டீஸ்வரனைக் கைகாட்டுவார்கள். பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, தொங்குவிளக்கு என்று எதுவானாலும் சரி, அவன் பபுள் ஷீட் சுற்றி, வைக்கோல் திணித்து, மரப்பெட்டியில் இறக்கி ஆணி அடித்துவிட்டால் டெல்லி வரைக்கும் ஒரு கீறல் விழாது. இந்தப் பெருமையை ஊர் சொன்னதைவிட அவன் சொன்னதுதான் அதிகம். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும்போதுகூட நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துத்தான் வைப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து எட்டாவது மாதம் நடந்தது. அவளை அவன் இன்னும் தனியாகத் தூக்கியதில்லை.

யாராவது அவன் மடியில் வைத்து, கூடவே ஒரு கையை அண்டக் கொடுத்தால் கொஞ்சுவான். அந்தக் கை விலகப் போகிறது என்று தெரிந்தால் போதும், அவனுக்கு அவசரமாக ஒரு காரணம் கிடைத்துவிடும். கையில் மரச்சிராய் ஏறியிருக்கும், பசை ஒட்டியிருக்கும், அல்லது அப்போதுதான் வெயிலிலிருந்து வந்திருப்பான். இதைப் பார்த்து அக்கம்பக்கத்தார், “எம்புட்டுச் சுத்தம் பாக்குறாரு” என்று மெச்சினார்கள். அவனும் அடக்கமாகச் சிரித்து வைத்தான். கண்ணாடி உடைந்தால் வேறு கண்ணாடி பார்த்துக்கொள்ளலாம், கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து வந்த சௌபர்ணிகா கை நழுவினால் என்ன செய்வது என்பதுதான் அவன் பயம். ஊர்ச் சாமானுக்கெல்லாம் பொறுப்பேற்கிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்?

அந்த மாதம்தான் அவன் மனைவி அனுசுயாவுக்கு வேலை உத்தரவு வந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு போய் எழுதிய தேர்வு. சிவகங்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. வீட்டில் பாயசம் எல்லாம் வைத்துச் சாப்பிட்ட பிறகு, பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தது. இரண்டு பக்கமும் கூட வந்து இருக்கப் பெரியவர்கள் கிடையாது. அனுசுயாவின் அக்கா காளீஸ்வரி சிவகங்கையிலேயே இருந்தாள்.

“பாப்பாவத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுல இருந்துக்கிறேன். சனிக்கெழம சனிக்கெழம இங்க வாரேன்” என்றாள் அனுசுயா.

பாண்டீஸ்வரனுக்கு அது சரிப்படவில்லை. தூக்க மாட்டானே தவிர, பிள்ளை தவழ்ந்து வந்து அவன் கால் கட்டைவிரலைப் பிடிக்காமல் அவனுக்கு ஒரு பொழுது போனதில்லை.

“அதெல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கிறேன்” என்றான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

அனுசுயா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களா?”

“ஏன், எனக்கென்ன? எத்தனை சாமானப் பத்திரமா அனுப்புறேன்.”

“அனுப்புறது வேற, வச்சுக்கிறது வேற.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி, வெள்ளிக்கெழம நான் சிவகங்கைக்குப் போயி மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கணும். அன்னைக்கு முழுக்க நீங்களே வச்சுக்கங்க. வேலையும் பாருங்க, பிள்ளையயும் பாருங்க. தோதுப்பட்டா திங்கக்கெழமையில இருந்து இங்குட்டு இருந்தே போயிட்டு வாரேன். இல்லாட்டி அக்கா வீடுதான்.”

அவள் தூங்கப் போனதும் பாண்டீஸ்வரன் செல்போனை எடுத்தான். கையால் தூக்காமல் பிள்ளையைத் தூக்குவதற்கு உலகத்தில் ஏதாவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று தேடியதில், கண்டுபிடித்திருந்தார்கள். நீளத் துணி ஒன்று. அதை ஒரு அம்மாள் பேசிக்கொண்டே இப்படிச் சுற்றி அப்படி முடிந்து பிள்ளையை உள்ளே வைத்துவிட்டாள். மேல்துண்டில் ஒத்திகை பார்த்த பாண்டீஸ்வரன் தன் கழுத்தைத்தான் கட்டிக்கொண்டான். வளையம் வைத்துத் தோளில் மாட்டுவது ஒன்று. இடுப்பில் சின்னப் பலகை வைத்து அதில் உட்கார வைப்பது ஒன்று. அதற்கு ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், அதோடு அதைத் தள்ளிவிட்டான். கடைசியாக வந்தது பஞ்சு வைத்துத் தைத்த, தோளிலும் இடுப்பிலும் பட்டையும் கிளிப்புமாக மாட்டுகிற பை. அவன் மனசுக்கு இதுதான் ஒழுங்கான பேக்கிங்காகப் பட்டது.

மறுநாள் பிள்ளை தூங்கும்போது டேப் வைத்து நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்துகொண்டு கடைக்குப் போனான். கடைப்பெண், “பாப்பாவக் கூட்டிட்டு வாங்க சார், உக்கார வச்சுப் பாத்தாத்தான் தெரியும்” என்றாள்.

“அளவு இருக்கும்மா” என்றான் பாண்டீஸ்வரன்.

இருப்பதிலேயே கனமான, இருபது கிலோ தாங்கும் என்று போட்டிருந்த பையைத் தேர்ந்தெடுத்தான். தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கிளிப்பைப் பலமுறை பூட்டித் திறந்தான். பெட்டி கட்டும் தன் இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பித்தளைத் தவலையை அதில் இறக்கி மார்போடு கட்டிக்கொண்டு ஆணி அடித்தான், அட்டை வெட்டினான், குனிந்து நிமிர்ந்தான். தவலை சத்தம் போடாமல் இருந்தது. அன்று சாயங்காலம் அவனைப் பார்த்தவர்களுக்கு, இவனுக்கு ஏதோ பெரிய ஆர்டர் கிடைத்திருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அனுசுயா பிள்ளைக்குக் கூழ் ஊட்டி, பாயில் விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். பாண்டீஸ்வரன் பையை மாட்டினான். தோள் பட்டைகளைப் பின்கழுத்தில் இணைக்கும் கிளிப்பைக் கையை முறுக்கி எப்படியோ பூட்டினான். பிறகு பிள்ளையைப் பார்த்தான். பையில் வைப்பதற்கு முதலில் அவளைத் தூக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவன் மூளைக்கு எட்டியது.

பையோடு பாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு தொழில் கைகொடுத்தது. நிலைக்கண்ணாடியைத் தூக்க முடியாவிட்டால் பெட்டியைச் சாய்த்து வைத்து உள்ளே நகர்த்துவதில்லையா? பாயில் அவள் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தான். பையை விரித்து, அவளை அங்குலம் அங்குலமாக உள்ளே நகர்த்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தான். பக்கவாட்டில் இடைவெளி தெரிந்தது. இடைவெளி இருந்தால் சாமான் ஆடும், ஆடினால் உடையும் என்பது அவன் தொழிலின் முதல் பாடம். ஆகவே இரண்டு பக்கமும் துண்டை மடித்துத் திணித்தான். தலை மட்டும் வெளியே இருந்தது. சௌபர்ணிகாவால் இப்போது கையை அசைக்க முடியவில்லை, காலை உதைக்க முடியவில்லை. அவளால் முடிந்தது வாயைத் திறப்பது ஒன்றுதான். அதைத் திறந்தாள்.

அதே கோலத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்த விசாலி ஆச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஆச்சி தன் பெரிய வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக நடத்துகிறவர். பெங்களூருக்கு அனுப்ப ஒரு பழைய சுவர்க்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதைக் கட்ட அவனுக்காகவும் ஏற்றிப்போக வேனுக்காகவும் காத்திருந்தார். அழுகைச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தவர், பிள்ளையின் சிவந்த முகத்தையும் துண்டுகளையும் பார்த்தார்.

“ஏம்ப்பா பாண்டி, இதை எந்த ஊருக்கு அனுப்பப் போறே?”

“கட்டுனது இறுக்கமாப் போச்சு போல ஆச்சி. பின்னாடி கிளிப்பு எட்ட மாட்டேங்குது.”

“திரும்பு” என்றார் ஆச்சி. துண்டுகளை உருவிப் போட்டார். அவருக்கு வேன் அவசரம். அவன் தயாரா என்று கேட்கவில்லை, பின்கழுத்துக் கிளிப்பைச் சட்டென்று திறந்துவிட்டார். பட்டைகள் தோளிலிருந்து வழிந்தன. பை முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பாண்டீஸ்வரன் யோசிப்பதற்குள் அவன் கைகள் இரண்டும் போய்ப் பிள்ளையைப் பிடித்துவிட்டன.

பிடித்த பிறகுதான் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. சௌபர்ணிகா விக்கி விக்கி அழுது ஓய்ந்து, அவன் சட்டைக் காலரை ஒரு கையாலும் காதை ஒரு கையாலும் பற்றிக்கொண்டாள். நன்றாக வலித்தது. சாமானைப் பிடிப்பதுதான் அவனுக்குத் தெரியும், சாமான் அவனைத் திருப்பிப் பிடித்ததில்லை. இவளும் பிடித்துக்கொள்வாள் என்பது இத்தனை நாள் அவன் கணக்கிலேயே வரவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கக் கை ஒழியவில்லை.

“சரி, கண்ணாடியைக் கட்டுப்பா” என்றார் ஆச்சி.

“ரெண்டு கையும் வேலையா இருக்கு ஆச்சி. வேனைத் திங்கக்கெழம வரச் சொல்லுங்க.”

ஆச்சி திட்டினார். திட்டு நியாயமானதுதான். காலிப் பை முன்னால் இடுப்பில் தொங்க, பாண்டீஸ்வரன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தான். அன்று முழுக்க அவளைக் கீழே விட மனம் வரவில்லை. சோறுகூட அவளைத் தோளில் போட்டபடிதான் சாப்பிட்டான்.

சாயங்காலம் அனுசுயா வந்து பார்த்தபோது வீடு போட்டது போட்டபடி கிடந்தது. பிள்ளை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடி கட்டலை” என்று அவனே ஆரம்பித்தான். “வேலை ஒண்ணும் ஓடலை. அனு, இத்தனை நாளா எனக்குப் பிள்ளையத் தூக்கப் பயம். அதுக்குத்தான் அந்தப் பையி.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“ஆஸ்பத்திரியில நர்ஸ் நீட்டுனப்ப, சட்டை அழுக்கா இருக்குன்னு சொன்னீகளே, அப்ப இருந்து. புதுச் சட்டை போட்டிருந்தீக.”

பாண்டீஸ்வரன் தரையைப் பார்த்தான். எத்தனை சிராய், எத்தனை பசை என்று காரணம் காரணமாகத் தேடிச் சொல்லியிருக்கிறான். ஒன்றாவது எடுபட்டிருக்கக் கூடாதா?

“திங்கக்கெழம நீ இங்க இருந்தே போ” என்றான். “வேலை மெதுவா நடக்கும். ஆனா நடக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பஞ்சுப் பை எதைக் கண்டாலும் சௌபர்ணிகா முதுகை வில்லாக வளைத்தாள். பருத்தித் துணியில் மெல்லியதாக ஒன்று இருந்தது. கையும் காலும் வெளியே நீட்டிக்கொள்ளலாம். அதில் உட்கார்ந்தவள் கடைப்பெண்ணின் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தாள். பாண்டீஸ்வரன் அளவு டேப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் சிவகங்கை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளை அவன் மார்பில் புதுப் பையில் இருந்தாள். கூழ், மருந்து, மாற்றுத் துணி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த அனுசுயா பஸ்ஸில் ஏறவில்லை. பிள்ளையின் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனைச் சோதித்துப் பார்த்தவளுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது.

“வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துரவா?” என்றாள்.

பாண்டீஸ்வரனுக்கு ஜம்பமாகச் சொல்ல நிறைய இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டான்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு. போயிட்டு வா” என்றான்.

அதைக் கேட்டபிறகுதான் அவள் பாதத்தை விட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்த அனுசுயா எட்டிப் பார்த்து, “கைய எடுங்க, பையி தாங்கும். டாட்டா காட்டுங்க” என்றாள்.

பை தாங்கும் என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு கையையும் பிள்ளைக்கு அடியில் கோத்தபடியே நின்றான். சௌபர்ணிகாதான் கையை ஆட்டினாள், பஸ் வேண்டும் என்று.