பவித்ரா எழுதிய பூஜ்ஜியம்

நான் அறிவியல் ஆசிரியை. என் எட்டாம் வகுப்பு மாணவி பவித்ரா, குற்றாலத்தில் தன் வீட்டு மாடியில் மழைமானி வைத்து தினமும் அளவெடுத்தாள். அதை அருவியின் நீர்வரத்தோடு ஒப்பிட்டு, தென்காசி அறிவியல் கண்காட்சிக்குத் தயாரானோம்.

ஒருநாள் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அவள் நோட்டிலோ மழை பூஜ்ஜியம்.

"ஏட்டி, அளக்க மறந்துட்டியா? நாற்பது மில்லிமீட்டர்னு போடு."

"இல்ல டீச்சர், எங்க தெருவுல ஒரு சொட்டுகூட விழல."

நம்பாமல் நானே அழித்து எழுதினேன்.

கண்காட்சியில் நடுவர் அந்த வரியில் விரல் வைத்தார். "அன்னைக்கு நான் குற்றாலத்துலதான் இருந்தேன். மழையே இல்லையே?"

பவித்ரா என்னைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

அவர் பரிசுப் பட்டியலில் எங்கள் பெயரை அடித்துவிட்டு நகர்ந்தார். பின்னாலேயே ஓடி, கையெடுத்துக் கும்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"மலைமேல பெஞ்சாலே அருவியில வெள்ளம் வரும் டீச்சர். அந்தப் பூஜ்ஜியத்துக்கே பரிசு கொடுத்திருப்பேன். இப்ப மத்ததை எப்படி நம்ப?" என்றார். முடிவு மாறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பவித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே, "இனிமே நான் அளக்கல டீச்சர்" என்றாள்.

கண்டதைக் கண்டபடி எழுதிய பிள்ளையை, எனக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். அது இன்றும் எனக்கு ஆறவில்லை.